அரை மாத்திரை

ஏழு மாதமாய் இரவு பதினொன்றரைக்கு
ஒருவனிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தேன்.
முகம் தெரியாது. திரையில் அவன் பெயர் 'மூணாம்ஷிஃப்ட்'.
நான் கொக்குக்காலி என்கிற உயரக்காரியை எடுப்பேன்,
அவன் எப்போதும் அந்தக் குட்டைத் தாடிக்காரனை.

கிருஷ்ணராஜபுரத்தில் என் விடுதி.
பதினாலு பெண்களுக்கு ஒரே வைஃபை.
பக்கத்துக் கட்டில் ஷர்வரி அவள் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டால்
தாடிக்காரன் ஓங்கிய கை அந்தரத்தில் நிற்கும்.
அது இறங்குவதைப் பார்ப்பதற்குள்
நான் தரையில் கிடப்பேன்.

அவன் விழுந்தால் மட்டும்
எழுவதற்குள் ஒரு சின்ன இடைவெளி.
லேக் என்று கணக்கு எழுதிவைத்து
கொஞ்சம் முந்தியே அமுக்குவேன்.
பாதி நாள் பலிக்கும்.
பலிக்காத பாதிக்குக் கம்பியைத் திட்டுவேன்,
கம்பி போட்டவனை, ஷர்வரியின் அம்மாவை.

பள்ளியில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வரும்:
குறில் ஒன்று, நெடில் இரண்டு,
புள்ளி வைத்த எழுத்துக்கு அரை மாத்திரை.
எத்தனை கிலோமீட்டர் என்று தெரியாத எங்கள் நடுவே
அந்த அரை கிடந்தது.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. கம்மனஹள்ளி.
பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் போட்டி,
நுழைவு இருநூறு ரூபாய், நாலு பழைய மானிட்டர்,
ஒரு மின்விசிறி, அதுவும் நடுவர் பக்கம்.
தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்திருந்தான்.
மடியில் பிளைவுட்டில் தானே அறைந்த பெட்டி,
ஒன்பது பட்டனில் ஒன்று மட்டும் பச்சை.
கை நீட்டினான். "நான் எப்... எப்ப்..."
"எபனேசரா" என்று
பதிவுத் தாளைப் பார்த்து நானே முடித்தேன்.
உதவி என்று நினைப்பு.

நாற்காலிகள் ஒட்டிக் கிடந்தன. முழங்கை இடித்தது.
அவன் சட்டையில் ரயில் இரும்பு வாசம்.
அடிக்கும் முன் மூச்சை இழுப்பது கேட்டது,
பச்சைப் பட்டன் மட்டும் தனிக்குரலில் டொக்கென்றது.
முதல்முறையாக என் கால்
என் விரல் போனபோதே போனது.
பயந்துவிட்டேன்.
எல்லாவற்றையும் முந்தி அமுக்கினேன்,
காற்றை உதைத்தேன்.
இருந்தும் ஒரு தடவை அவனை விழத்தட்டினேன்.

இங்கே கம்பி இல்லை.
ஆனாலும் அந்த இடைவெளி வந்தது.

பாய்ந்தேன். வாங்கினேன்.
அடுத்த ரவுண்டிலும்.
அதற்கடுத்ததிலும், வெட்கமில்லாமல்.

படிக்கட்டில் பேப்பர் கப் டீ. கீழே ஆட்டோக்களின் சண்டை.
"நெட் ரொம்ப மோசம்னு நெனச்சிருந்தேன்" என்றேன்.
"அது நெட் இல்லீங்க. ந்... நான்தான்.
நான் ஒரு வார்த்தையை முடிக்கிறதுக்குள்ள
எல்லாரும் அவங்களே முடிச்சிருவாங்க, சின்ன வயசுலருந்து.
சரி, பாயட்டும்னு இதைப் ப்... பழகிட்டேன்."
சிரித்தான். கன்னத்தில் தாடி கிடையாது.
"நீங்க மட்டும் இல்ல, இன்னைக்கு அஞ்சு பேர் பாஞ்சாங்க."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
வாக்கியம் நடுவில் நின்றுவிட்டது.
பங்காருபேட்டை வண்டிக்கு நேரமாகியிருந்தது,
பெட்டியைத் தோளில் மாட்டியிருந்தான்.
ஆனாலும் காத்திருந்தான்,
நான் முடிக்கும்வரை.
நான் முடிக்கவில்லை. டீ நல்லா இருக்கு என்றேன்.

திங்கட்கிழமை பதினொன்றரை.
சிக்னல் மூன்று கோடு, சில நேரம் இரண்டு.
சுவருக்குத் திரும்பி ஷர்வரி
உப்புமாவில் கட்டி விழுந்ததைப் பற்றிப் பேசுகிறாள்.
தாடிக்காரன் விழுந்து கிடக்கிறான்.
கம்பியா, அவனா, தெரியவில்லை.
மேலே நேரம் இறங்குகிறது,
முப்பத்தொன்று, முப்பது.
கட்டைவிரல் பட்டன் மேல் இருக்கிறது.

இருக்கட்டும்.